கிளிப்பின் வாயில் இரண்டு போல்ட்

என் வீட்டுக்காரனிடம் எதையும் நேராகச் சொல்லக்கூடாது. கல்யாணமான புதிதில் எனக்கு இது தெரியவில்லை. "மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துட்டுப் போங்க" என்று ஒருநாள் சொன்னேன். வேண்டுமென்றே வெறுங்கையோடு போனான். தொப்பலாக நனைந்து வந்து, நான் வாய் வைத்ததால்தான் மழை பெய்தது என்று ஓர் அறை விட்டான். அப்புறம் கற்றுக்கொண்டேன். குடை எடுத்துப் போக வேண்டுமா? "குடையெல்லாம் எதுக்கு, சும்மா போங்க" என்பேன். உடனே எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வான். சாப்பிட வைக்க வேண்டுமா? "இன்னிக்கு உங்களுக்குப் பசிக்காதுன்னு சட்டியக் கழுவப்போறேன்" என்பேன். மணையைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். இப்படித் தலைகீழாகப் பேசியே குடும்பம் நடத்தினேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். கடைவாய்ப் பல் இரண்டு போன பிறகுதான் இந்தப் புத்தி எனக்கு வந்தது.

நாங்கள் இருவரும் ஒரே இடத்தில்தான் வேலை பார்த்தோம். தண்ணீர் கொண்டுபோகும் சுரங்கத்துக்காகத் தரையில் நேர் கீழாகக் குழி தோண்டும் வேலை அது. அடியில் ஆட்கள் பாறையை உடைத்து பக்கெட்டில் அள்ளிப் போடுவார்கள். பக்கெட் என்றதும் குளியலறையை நினைக்க வேண்டாம். நான்கு ஆள் நெருக்கி நிற்கக்கூடிய இரும்புத் தொட்டி. அதைக் கம்பி ரோப்பில் மாட்டி மேலே இழுப்பதற்குத்தான் வின்ச். பக்கெட் மேலே ஏறி வரும்போது அடியில் இருப்பவர்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. கிணறு மாதிரி வட்டமான இடம். தலைக்கு மேல் ஒரு டன் பாறை ஆடிக்கொண்டே போவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

முதலில் இருந்தது பழைய வின்ச். அதை ஓட்டியவன் என் வீட்டுக்காரன். காலுக்குக் கீழே ஒரு பெடல். அதை மிதித்துக்கொண்டே இருந்தால் பிரேக் பிடிக்கும், காலை எடுத்தால் போச்சு. எந்நேரமும் மிதித்து மிதித்து அவன் வலது தொடை மட்டும் உரலாட்டம் இருக்கும். வேலையிடத்தில் எல்லோரும் அவனை ‘பெடல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பேரில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. "கீழ இருக்கிறவன் உசுரெல்லாம் என் காலுக்கடியிலடி" என்று வீட்டுக்கு வந்து சொல்லுவான். சொல்லிவிட்டு அதே காலால் என்னையும் மிதிப்பான்.

ஒருநாள் மதியம் குடித்துவிட்டு சீட்டில் உட்கார்ந்தவன் கண் அசந்தான். கால் நழுவியது. பக்கெட் இறங்கிய சத்தத்தைக் குழி வாயில் நின்று நான்தான் கேட்டேன். அப்போது எனக்கு, பக்கெட்டை ஏற்றவும் இறக்கவும் வின்ச் ஓட்டுகிறவனுக்கு மணி அடித்துச் சொல்கிற வேலை. கீழே ஒரு ஆள் செத்தான். இயந்திரம் பழசு, பெடல் தேய்ந்துவிட்டது என்று முதலாளி முடித்துவிட்டார். இவனை ரோப் தூக்கும் கூட்டத்தில் சேர்த்துவிட்டு, ஹைட்ராலிக் வின்ச் கொண்டுவந்து இறக்கினார். அதை ஓட்ட ஆள் தேடியபோது, கை நடுங்காத ஆள் வேண்டும் என்று இஞ்சினியர் ஒவ்வொருவரையாக உட்கார வைத்துப் பார்த்தார். கடைசியில் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்.

பிறகு கேட்க வேண்டுமா? "என் சீட்டுல எம்பொண்டாட்டி" என்று அன்று சாயங்காலம் ஆரம்பித்தவன்தான். அடிக்கு ஒரு காரணம் தேடி அலைகிற சிரமம் அவனுக்கு மிச்சமாயிற்று.

வின்ச் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஃபிட்டர். தடித்த மனுஷன், வாய் ஓயாமல் பேசுவார். டீசல் இஞ்சின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்ப் எண்ணெயை அழுத்தி ஹோஸ் வழியாக அனுப்புகிறது. அந்த அழுத்தம் ஒரு மோட்டாரைச் சுற்ற, மோட்டார் பல்சக்கரத்தைச் சுற்ற, ரோப் சுற்றிய டிரம் உருளுகிறது. லீவரை என் பக்கம் இழுத்தால் பக்கெட் ஏறும், தள்ளினால் இறங்கும், நடுவில் விட்டால் நிற்கும்.

"நின்னா எப்படி நிக்கும்? யாரு பிடிக்கிறா? பெடல் எங்க?" என்று கேட்டேன்.

"நீங்க துணி காயப்போடுற கிளிப் இருக்குல்லம்மா? அத யாரு பிடிக்கிறா?"

"அது தானா கடிச்சுக்கும்."

"அதேதான்! உள்ள ஒரு அடுக்கு பிளேட் இருக்கு. ஸ்பிரிங் எப்பவும் அத நெருக்கிப் பிடிச்சிருக்கும். அதான் கிளிப்போட கடி. நீங்க லீவர அசைச்சா எண்ணெய் போய் ஸ்பிரிங்க பின்னால தள்ளும், கிளிப் வாயத் திறக்கும், டிரம் சுத்தும். கைய விட்டீங்க, எண்ணெய் டேங்குக்குத் திரும்பிடும், ஸ்பிரிங் கடிச்சுக்கும். இஞ்சின் நின்னாலும் கடிக்கும், ஹோஸ் வெடிச்சாலும் கடிக்கும். நீங்க தூங்கினாலும் கடிக்கும்மா."

கடைசி வார்த்தையை வின்ச் அறைக் கதவருகே நின்ற என் வீட்டுக்காரனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவன் காறித் துப்பினான். "பிரேக்குன்னா மனுஷன் பிடிக்கணும். இது என்ன, பொம்பளைக்கு ஏத்த பொம்மை" என்றான்.

எனக்கோ அந்தப் பொம்மையை அவ்வளவு பிடித்துப்போயிற்று. முன்பெல்லாம் பிடிக்கிறவன் விட்டால் சாவு. இதில் விட்டால்தான் பிழைப்பு. பயம் வந்தால் கையை எடுத்துவிட்டால் போதும். இப்படி ஒரு பொருள் என் வாழ்க்கையில் அதுவரைக்கும் இருந்ததில்லை.

என் தம்பி குழிக்குள் பாறை உடைக்கிறவன். ஒற்றை நாடி உடம்பு, ஆனால் கை இரண்டும் இரும்பு. அப்பா அம்மா போன பிறகு அவனை நான்தான் வளர்த்தேன். என் முகத்தில் வீக்கம் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போவான். "உன் குடும்ப விஷயம், நீ சொன்னாத்தான் வருவேன்" என்பான். நான் சொன்னதில்லை. ஒருநாள் சாயங்காலம் என் விலாவில் விழுந்த உதையில் மூச்சு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி போய்ச் சொல்லிவிட்டாள். தம்பி ஓடி வந்தான். என் வீட்டுக்காரனை முடியைப் பிடித்து நடுத்தெருவுக்கு இழுத்து வந்து, தெருவே வாசலில் நின்று பார்க்க, மண்ணில் போட்டு மொத்தினான். நெஞ்சு மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "இனிமே அக்கா மேல கை வெச்சீங்க, கை இருக்காது மாமா."

அந்த நேரத்திலும் மரியாதை விடாமல் மாமா என்றான் பாருங்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்படியே அவன் வீட்டுக்குப் போய்விட்டேன். போகும்போது என் வீட்டுக்காரன் மண்ணிலிருந்து எழுந்திருக்காமல், வாயில் ரத்தத்தோடு, "உன் கையாலயே உன் தம்பிக்குச் சாவுடி" என்றான். வாய்க்கு வந்ததைச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் ரோப் டிரம்மில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முடிச்சாகிக் கிடந்தது. அதைப் பிரித்துச் சுற்ற வேண்டும் என்றால் டிரம்மைக் கையால் உருட்ட வேண்டும், பிரேக்கோ கடித்துக்கொண்டு விடாது. அதற்கு ஃபிட்டர் வைத்திருக்கும் வழி இரண்டு நீளப் போல்ட். பிரேக் மூடியில் அதற்கென்றே இரண்டு ஓட்டை உண்டு. போல்ட்டை உள்ளே விட்டு ஸ்பேனரால் முறுக்கினால், ஸ்பிரிங்கை அது பின்னால் இழுத்து வைத்துக்கொள்ளும். கிளிப்பின் வாயில் குச்சி வைத்த கதைதான். அப்புறம் பிரேக் என்று ஒன்று இல்லை. "பக்கெட் தரையில உக்காந்திருக்கும்போது மட்டும்தான் இதச் செய்யணும்" என்று ஃபிட்டர் கத்திக் கத்திச் சொல்வார். ரோப்பைப் பிரித்துச் சுற்றிய கூட்டத்தில் என் வீட்டுக்காரனும் இருந்தான். வீங்கிய கண்ணோடு, கையுறை போட்ட கையால் ரோப்பைத் தள்ளிக்கொண்டிருந்தான். முடிந்ததும் ஃபிட்டர் போல்ட்டைக் கழற்றி, ஸ்பேனரோடு சேர்த்து ஜன்னல் கட்டையில் வைத்தார். டிரம்முக்கு முன்னால் மாட்டும் வலைத் தடுப்பு சுவரில் சாய்ந்து கிடந்தது. "மதியம் வந்து மாட்டிடறேன்மா" என்று சொல்லிவிட்டு வேறு பம்பைப் பார்க்கப் போய்விட்டார்.

தம்பியையும் வேறு இரண்டு பேரையும் கீழே இறக்கினேன். பாறை ஏற்றிய பக்கெட்டை மேலே இழுக்க மணி அடித்தது. இழுத்தேன். பாதி வழி வந்திருக்கும்.

கதவு திறந்து மூடியது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் இஞ்சின் இரைச்சலிலும் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் என் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டான். சீட்டோடு விழுந்தேன். லீவர் தானாக நடுவுக்குப் போயிற்று. ‘டக்’ என்று பிரேக் கடித்தது. ரோப் ஓர் ஆட்டம் ஆடி நின்றது. அந்த நிலையிலும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான்.

"பிடிச்சுக்கிச்சா? எனக்குத் தெரியும்டி, உன் பொம்மை பிடிச்சுக்கும்னு" என்று சிரித்தான். ஜன்னல் கட்டையிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். இடது தோளில் ஒரு போடு போட்டான். எலும்பு உடைந்தது எனக்கே கேட்டது. வயிற்றில் உதைத்தான். சுருண்டு விழுந்தேன். "சத்தம் போடு. எவன் வர்றான்னு பாக்கலாம்" என்றான். போட்டேன். இஞ்சின் என் குரலை முழுங்கிக்கொண்டது.

அவன் இரண்டு போல்ட்டையும் எடுத்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. ஐயோ, பாவி! பக்கெட் பாதியில் தொங்குகிறது. அடியில் என் தம்பி அண்ணாந்து நிற்கிறான்.

"அவனோட வேற ரெண்டு பேரு இருக்காங்க! அவங்க உனக்கு என்ன பண்ணாங்க?"

"விதி" என்றான். "மிஷினு கோளாறுன்னு எழுதிக்குவாங்க. ஓட்டினது யாரு? நீதானே?"

டிரம்முக்குப் பக்கத்தில் குனிந்து, விரலால் போல்ட் இரண்டையும் ஓட்டைக்குள் விட்டான். பிறகு ஸ்பேனர். வலது கையால் முறுக்கினான். பிடிமானத்துக்கு இடது கையை டிரம்மில் சுற்றிய ரோப் மேல் ஊன்றியிருந்தான். இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினான். ஃபிட்டர் செய்ததை எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறான் கடன்காரன்!

நான் ஒற்றைக் கையால் ஊர்ந்தேன். உடைந்த தோள் தரையில் உரசும்போதெல்லாம் கண் இருட்டியது. லீவருக்கு ஒரு முழம் இருக்கும்போது டிரம் முனகியது. பிளேட் வழுக்குகிற முனகல். மெல்ல உருண்டது, பிறகு வேகம் பிடித்தது. பக்கெட் இறங்குகிறது. குழி வாயில் மணிக்காரர் வெறி பிடித்தவர் போல மணியை அடித்தார்.

எம்பி லீவரைப் பிடித்து இழுத்தேன்.

எண்ணெய் போய்ச் சுமையைத் தாங்கிய அதிர்ச்சியில் வின்ச் அறையே குலுங்கியது. டிரம் உருண்டதும் கையை எடுத்திருந்தவன், தடுமாறி மறுபடி ரோப் மேலேயே ஊன்றினான். ரோப் விண்ணென்று கத்தியது. கீழே பக்கெட்டிலிருந்து ஏதோ பாறை தெறித்து விழுந்திருக்க வேண்டும், மனுஷன் அலறுகிற குரல் ஒன்று குழிக்குள்ளிருந்து எழும்பியது. டிரம் மேல்நோக்கித் திரும்பியது. பழைய ரோப்பில் அறுந்த கம்பி முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் டிரம் பக்கம் கையுறையோடு போகாதே என்பார்கள். முள் அவன் கையுறையைக் குத்திப் பிடித்தது. அவன் உருவுவதற்குள் மேலே வந்து படிந்த ரோப் அவன் கையை முழங்கை வரை டிரம்மோடு வைத்து நசுக்கிற்று.

அவன் போட்ட சத்தம் இஞ்சினை மீறிக் கேட்டது.

லீவரைத் தளர்த்தினேன். முழுதாக விடவில்லை. மயிரிழை இழுத்துப் பிடித்தால், கசிந்து போகிற எண்ணெயும் வருகிற எண்ணெயும் சரிக்குச் சரியாகி டிரம் அசையாமல் நிற்கும். பிரேக் இல்லாமல் வெறும் எண்ணெயால் பிடித்து வைப்பது. கண்ணும் கையும் ஒன்றாக இருந்தால் கொஞ்ச நேரம் முடியும். டிரம் நின்றது.

"விடுடி! கீழ விடு! கை வந்துடும்!" என்று கதறினான்.

"கீழ விட்டா பிடிக்க முடியாது! பிரேக்க நீதானே கழட்டின!"

"கைய எடு! நின்னுக்கும்!"

"எப்படி நிக்கும்? போல்ட் போட்டிருக்கியே!"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முகம் வெளுத்துப் போயிற்று. வின்ச்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் வலது கையில் ஸ்பேனர் இன்னும் இருந்தது. மேல் போல்ட் அவன் மூக்குக்கு நேராக இருந்தது. கீழ்ப் போல்ட்டும் எட்டுகிற தூரம்தான். இரண்டையும் தளர்த்தினால் ஸ்பிரிங் கடித்துக்கொள்ளும். நான் லீவரை விட்டுவிடலாம். ஆட்கள் வந்து ரோப்பை வெட்டி அவனை எடுத்துவிடலாம். கை போகும், உயிர் இருக்கும். அவனுக்கும் என் தம்பிக்கும் சேர்த்து அந்த ஒரே வழிதான் இருந்தது.

"போல்ட்டக் கழட்டு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "யோவ், கேளுய்யா! போல்ட்டக் கழட்டு! நான் பிடிச்சிட்டிருக்கேன், நீ கழட்டு!"

அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கப்பட்டதுதான். சோற்றில் உப்புப் போதவில்லை என்று தட்டைத் தூக்குவதற்கு முன்னால் பார்ப்பானே, அதே பார்வை. உயிர் போகிற வலியிலும் உதடு கோணிற்று.

"நீ சொல்லி நான் கேக்கணுமாடி?"

கையை ஓங்கி ஸ்பேனரை என் முகத்தைப் பார்த்து வீசினான்.

நெற்றியில் பட்டது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. டிரம் தெரியவில்லை, ரோப் தெரியவில்லை. கண் தெரியாமல் மயிரிழைப் பிடிப்புப் பிடிக்க எந்தச் சாமியாலும் ஆகாது. ஸ்பேனரும் என் காலடிக்கு வந்துவிட்டது. இனி போல்ட்டைக் கழற்ற அவனாலும் முடியாது. தலை சுற்றியது. நான் மயங்கி விழுந்தால் பக்கெட் தம்பி தலையில்தான் இறங்கும். மேலே கொண்டுபோய், குழி வாயை மூடுகிற இரும்புக் கதவின் மேல் உட்கார வைத்தால் ஒழிய அது நிற்காது.

இழுத்தேன்.

"நிறுத்துடி" என்றான் முதலில். பிறகு "நிறுத்தும்மா" என்றான். கட்டிய நாளிலிருந்து அவன் என்னை ‘ம்மா’ போட்டுக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். நான் அழுதேன். அழுதுகொண்டே இழுத்தேன். டிரம் ஒரு சுற்று வந்தது, அவன் தோள் உள்ளே போயிற்று. அடுத்த சுற்றில் அவன் சத்தம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் டிரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பக்கம் ஏறி இறங்கி உருண்டது. எண்ணெய்க்கு என்ன தெரியும், பாறையா மனுஷனா என்று? இழுக்கச் சொன்னால் இழுக்கும். பக்கெட் மேலே வந்த மணி அடித்தது. குழிக் கதவு மூடுகிற மணி அடித்தது. மெல்லத் தள்ளி அதன் மேல் இறக்கினேன். ரோப் தொய்ந்தது. அப்புறம்தான் இஞ்சினை நிறுத்தினேன்.

கதவை உடைத்துக்கொண்டு வந்தவர்களில் இரண்டு பேர் அப்படியே வெளியே ஓடி வாந்தி எடுத்தார்கள். நான் லீவரைப் பிடித்தபடியே இருந்தேனாம். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்களாம். ஃபிட்டர் பிரேக் மூடியைப் பார்த்தார். இரண்டு போல்ட்டும் இருந்தது. மகராசன், தலையில் அடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

தம்பியைக் கிரேன் வைத்துத்தான் மேலே எடுத்தார்கள். தெறித்த பாறை ஒரு ஆளின் பாதத்தைச் சிதைத்திருந்தது. மற்றபடி மூன்று பேரும் உயிரோடு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் தம்பி என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட என் தோளைத் தொடப் பயந்துகொண்டு, புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். போலீஸ் வந்து கேட்டது. ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டது. ஃபிட்டரே முன்னால் வந்து விளக்கினார். இஞ்சினியரும் விளக்கினார். வேறு வழியே இல்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். போலீசும் சரியென்று போய்விட்டது.

அவர்கள் போன பிறகு தம்பி கேட்டான். "அந்த ஆளுக்கு நீ சொன்னியா அக்கா, போல்ட்டக் கழட்டச் சொல்லி?"

"சொன்னேன்டா. கத்திச் சொன்னேன்."

"அப்புறம் என்ன? கேக்கலேன்னா அவன் தலையெழுத்து. நீ சொல்ல வேண்டியதச் சொல்லிட்ட."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவனுக்கு என்ன தெரியும்? குடைக்கும் சோற்றுக்கும் அத்தனை வருஷம் தலைகீழாகப் பேசத் தெரிந்திருந்தது எனக்கு. ‘போல்ட்டத் தொடாதே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எனக்கு எதிராகவாவது கழற்றியிருப்பான். அன்றைக்குத்தான் நேராகச் சொல்லிவிட்டேன்.